அக்கறை இல்லாத பெற்றோரா? நடத்தைப் பொருளியல் தரும் விளக்கம்

ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: "இந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு அக்கறையே இல்லை." மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பியும் நடக்கவில்லை. வருமானச் சான்று கேட்டோம், கடைசி நாள் கடந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்துக்குத் தேதி குறித்தோம், வரவில்லை. இவற்றுக்கெல்லாம் அக்கறையின்மைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குமேல் நாம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த உதவித்தொகையும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடும்.

மனிதர்கள் தமக்கு நன்மை தரும் ஒன்றைக்கூடச் செய்யாமல் விடுவது ஏன்? இந்தக் கேள்வியை ஆராயும் துறைக்கு நடத்தைப் பொருளியல் என்று பெயர். கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்த இத்துறை இன்று அரசின் திட்டங்களையும் சட்டங்களையும் வடிவமைப்பதில் பங்கு வகிக்கிறது. சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர் என்ற முறையில் இதைப் படிக்கத் தொடங்கியபோது, இதன் முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று நம் தமிழ்நாட்டு விவசாயிகளிடம் நடத்தப்பட்டது என்பதை அறிந்தேன். அந்த ஆய்வு பள்ளிக்கும் பொருந்தும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

பாடநூல் மனிதரும் நிஜ மனிதரும்

பொருளியல் பாடத்தை நாம் ஓர் எடுகோளுடன் தொடங்குகிறோம். மனிதர் தமக்கு எது நல்லது என்பதை அறிவார், எல்லா வாய்ப்புகளையும் எடைபோடுவார், அதிகப் பயன் தருவதைத் தேர்ந்தெடுப்பார் என்பதே அது. மனிதரின் கவனத்துக்கும் கணக்கிடும் திறனுக்கும் எல்லை உண்டு என்று 1950களிலேயே சொன்னவர் ஹெர்பர்ட் சைமன். அவருக்கு 1978-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1979-ல் டேனியல் கானெமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், ஒரு பொருளைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதே பொருளை இழக்கும் வலி பெரிது என்பதை விளக்கினார்கள். 100 ரூபாய் தொலைந்த வருத்தத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 200 ரூபாய் கிடைத்தால்தான் மனம் ஆறும். கானெமனுக்கு 2002-லும், இத்துறையை வளர்த்த ரிச்சர்ட் தேலருக்கு 2017-லும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையின் வேறு இரண்டு கண்டுபிடிப்புகளையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். முதலாவது, நாளைய பெரிய பலனைவிட இன்றைய சிறிய சிரமம் நமக்குப் பெரிதாகத் தெரியும். பொதுத்தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது படிக்காத மாணவர் கடைசி வாரத்தில் விடிய விடியப் படிப்பது இதனால்தான். இரண்டாவது, நாம் எதுவும் செய்யாவிட்டால் தானாக என்ன நடக்குமோ, பெரும்பாலோர் அதிலேயே இருந்துவிடுவார்கள். நம் சேமிப்பில் பெரும்பகுதி சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுவதால்தான் சேர்கிறது. அதே தொகையைக் கையில் வாங்கி மாதந்தோறும் நாமே சென்று கட்ட வேண்டும் என்றிருந்தால் எத்தனை பேர் தவறாமல் கட்டுவோம்? பிரிட்டன் அரசு 2012-ல் தொடங்கி, தனியார் நிறுவன ஊழியர்களை ஓய்வூதியச் சேமிப்பில் தானாகவே சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று சட்டத்தின் வழியாக மாற்றியது. விலகும் உரிமை இருந்தும் பெரும்பாலோர் விலகவில்லை.

கரும்பு விவசாயிகளின் அறுவடைக் காலம்

இனி நம் மாநில ஆய்வுக்கு வருவோம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் இது நடத்தப்பட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் நடத்திய இந்த ஆய்வு 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியலாளர்.

கரும்பு விவசாயிக்கு வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்து ஆலையிலிருந்து பணம் வரும்போதுதான். அதற்கு முந்தைய மாதங்களில் கை வறண்டிருக்கும், பணம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். அதனால் அதே மனிதரை ஏழ்மையான நிலையிலும் சற்று வசதியான நிலையிலும் ஒப்பிட முடிந்தது. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் அது 4 விழுக்காடு மட்டுமே.

இரண்டு சூழல்களிலும் அவர்களுக்கு இரண்டு எளிய சோதனைகள் தரப்பட்டன. ஒன்று, படத் தொடரில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிப்பது. மற்றொன்றை வகுப்பில் நீங்களும் செய்து பார்க்கலாம். கரும்பலகையில் '5 5 5' என்று எழுதி, எத்தனை எண்கள் உள்ளன என்று கேளுங்கள். சரியான விடை மூன்று. ஆனால் 'ஐந்து' என்று சொல்ல நாக்கு துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு சரியாகச் சொல்வதற்குக் கவனமும் மனக் கட்டுப்பாடும் வேண்டும்.

அறுவடைக்குப் பின் அதே விவசாயிகள் படப் புதிர்களில் கூடுதலாகச் சரியான விடை அளித்தார்கள். எண் சோதனையை விரைவாகவும் குறைந்த பிழைகளோடும் முடித்தார்கள். பருவ மாற்றம் காரணமாக இருக்கலாமே என்ற ஐயம் எழலாம். ஆலைகளின் அரவைத் திறனுக்கு ஏற்ப அறுவடை சில மாதங்களுக்குப் பரவி நடப்பதால், ஒரே மாதத்தில் சிலர் அறுவடைக்கு முன்னும் சிலர் பின்னும் இருந்தார்கள். எனவே இந்த மாற்றத்தைப் பருவத்தால் மட்டும் விளக்க முடியாது.

அவர்களுடைய அறிவு மாறவில்லை. கடன், வட்டி, அடுத்த வாரச் செலவு என்ற கணக்குகள் மனத்தின் ஒரு பகுதியை எப்போதும் அடைத்துக்கொண்டிருந்தன. மீதமிருந்த இடத்தில்தான் மற்ற எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. பணத் தட்டுப்பாடு பையைக் காலி செய்வதோடு நிற்காமல் கவனத்தையும் பறித்துக்கொள்கிறது என்பதே இந்த ஆய்வின் சாரம்.

அறிவியலில் ஒரே ஆய்வை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. மறுபுறம், ஒடிசாவில் இலைத் தட்டுகள் தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், கூலியின் ஒரு பகுதியை முன்னதாகக் கையில் பெற்றவர்கள் கூடுதலான தட்டுகளைக் குறைவான கவனப் பிழைகளோடு தைத்தார்கள். கடன் நெருக்கடி எவ்வளவு கடுமையோ, அதைப் பொறுத்து விளைவும் மாறும் போலும்.

தறிக்குடோனிலிருந்து பார்த்தால்

நான் பணியாற்றும் கருமத்தம்பட்டி, சோமனூரை ஒட்டிய விசைத்தறிப் பகுதி. எங்கள் மாணவர்கள் பலரின் பெற்றோர் தறிக்குடோன்களில் ஓட்டிய அளவுக்குக் கூலி வாங்குபவர்கள். பாவு வராத நாளிலும் மின்சாரம் இல்லாத நாளிலும் தறி நிற்கும், கூலியும் நிற்கும். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் வந்தால் வாரக்கணக்கில் வருமானம் இருக்காது. இதற்கிடையே குழுக் கடனுக்கான தவணையும் அடகு நகைக்கான வட்டியும் நாள் தவறாமல் வந்து நிற்கும்.

ஒரு தாய் என்னிடம் சொன்னது இது: "வாரக் கூலி சனிக்கெழமதானுங்க சார் கைக்கு வரும். நடுவால கேட்டா நாங்க எங்கீங்க போறது?" வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போவதை நாம் ஒரு சின்ன வேலையாக நினைக்கிறோம். அவர்களுக்கு அது அரைநாள் தறி நிற்பது. விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறியிருந்து மறுபடி போக வேண்டியிருந்தால் இன்னொரு அரைநாள். உதவித்தொகை வருவது எப்போதோ, கூலி போவது இன்று. கானெமன் சொன்ன இழப்பின் வலியும், 'இன்று' என்பதன் கனமும், விவசாயிகள் ஆய்வு காட்டிய மன நெருக்கடியும் ஒரே காகிதத்தில் வந்து சேர்கின்றன.

அரசுத் திட்டங்களில்

2008-ல் தேலரும் சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீனும் எழுதிய 'நட்ஜ்' என்ற நூல் இந்தச் சிந்தனையை ஆட்சியாளர்களிடம் கொண்டுசென்றது. யாரையும் கட்டாயப்படுத்தாமல், தெரிவுகள் முன்வைக்கப்படும் முறையை மாற்றி நல்ல முடிவை எளிதாக்குவதையே அவர்கள் அப்படி அழைத்தார்கள். நாம் மென்தூண்டல் எனலாம். 2010-ல் பிரிட்டன் அரசு இதற்கென ஒரு தனிக் குழுவையே அமைத்தது. இந்தியாவின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையும் ஓர் இயல் முழுவதையும் இதற்கு ஒதுக்கியது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் கிருஷ்ணமூர்த்தி சுப்ரமணியன்.

ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாகக் கிடைத்தும் மிகச் சிலரே முழுமையாகப் போட்டுக்கொண்டார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கிராமங்களை மூன்றாகப் பிரித்தார்கள். எந்த மாற்றமும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. கிராமத்திலேயே தவறாமல் முகாம் நடத்தியபோது அது 18 விழுக்காடு ஆனது. முகாமுடன் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தபின் தட்டுகளும் கொடுத்தபோது 39 விழுக்காடு ஆனது. பெற்றோர் தடுப்பூசிக்கு எதிரிகளாக இருந்திருந்தால் ஒரு கிலோ பருப்பு அவர்கள் மனத்தை மாற்றியிருக்காது. 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற தள்ளிப்போடலை மட்டுமே அது வென்றது. பானர்ஜி, டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தக் கண்ணோட்டத்தில் நம் பள்ளித் திட்டங்களைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. அதற்கு விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை, கடைசி நாளும் இல்லை. பள்ளிக்கு வந்தால் உணவு உண்டு. பெற்றோர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. மதிய உணவைப் போலவே இதுவும் எல்லாக் குழந்தைகளையும் சென்றடைவதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆண்டு முடிவில் ஒரே தொகையாக வருவதைவிட மாதந்தோறும் வருவது பேருந்துச் செலவுக்கும் புத்தகத்துக்கும் உரிய நேரத்தில் கைகொடுக்கும்.

சட்டத்தில்

மனித மனத்தின் இந்த இயல்புகளை அரசு நல்லதற்குப் பயன்படுத்துவதுபோல், வணிகர்கள் தம் லாபத்துக்கும் பயன்படுத்தலாம். அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது. 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இடம்பெறுகின்றன. புகை கேடு என்ற தகவல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கை நீளும் அந்த நொடியில் அது கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம்.

இணையத்தில் பொருள் வாங்கும்போது நாம் கேட்காமலேயே காப்பீடோ நன்கொடையோ கட்டணத்தில் சேர்ந்திருக்கும். 'இன்னும் இரண்டு மட்டுமே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்தும். சந்தாவில் சேர ஒரு சொடுக்கு போதும், விலகவோ பத்துப் பக்கம் தாண்ட வேண்டும். இத்தகைய தந்திரங்களில் 13 வகைகளைப் பட்டியலிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடை செய்தது. நுகர்வோர் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டிய செய்தி இது.

இணையவழிப் பண விளையாட்டு இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. இழந்ததை மீட்டுவிடலாம் என்ற எண்ணமே ஒருவரை மேலும் மேலும் ஆட வைக்கிறது. தமிழ்நாடு அரசின் 2025-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதைக் கணக்கில் கொண்டிருந்தன. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை உள்நுழையத் தடை, தொடர்ந்து ஆடுபவருக்கு இடையிடையே எச்சரிக்கை, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி மறுப்பு ஆகியவை அவற்றில் இருந்தன. இவை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. மென்தூண்டலிலிருந்து முழுத் தடைக்கு ஒரே ஆண்டில் சென்ற பயணம் இது. எங்கே எச்சரிக்கை போதும், எங்கே தடையே வேண்டும் என்பது பத்தாம் வகுப்பில் நல்ல விவாதத் தலைப்பாகும்.

எல்லையும் எச்சரிக்கையும்

மென்தூண்டல் மந்திரக்கோல் அல்ல. ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரி முன்னேற்றம் 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள். அமெரிக்காவில் இரண்டு பெரிய மென்தூண்டல் குழுக்கள் களத்தில் நடத்திய சோதனைகளிலோ அது 1.4 மட்டுமே என்று 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கூலியே போதாத வீட்டில் நினைவூட்டல் செய்தியால் பசி தீராது. பேருந்து வராத ஊரில் வருகைப் பதிவை ஊக்கப்படுத்தும் நட்சத்திர ஒட்டிகளால் பயனில்லை. செலவு பிடிக்கும் அடிப்படைக் கடமைகளைத் தட்டிக்கழிக்க இத்துறை ஒரு சாக்காகிவிடக் கூடாது.

அபராதம் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறைவதற்குப் பதிலாக அதிகரித்தது. 'ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே' என்ற கூச்சம் போய், 'காசு கொடுத்தாயிற்று' என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-ல் வெளியான இந்த ஆய்வை, தாமத வருகைக்கு அபராதம் பற்றி யோசிக்கும் ஒவ்வொரு பள்ளியும் அறிந்திருக்க வேண்டும்.

நம்மால் செய்யக்கூடியவை

அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவி விண்ணப்பம் பற்றி நடந்த ஒரு சோதனை நமக்கு நேரடியாக உதவும். ஒரு பிரிவுப் பெற்றோருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவல் மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு உடன் அமர்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. படிவம் நிரப்ப உதவி பெற்ற வீட்டுப் பிள்ளைகளில் கல்லூரி சேர்ந்தோர் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினர்.

நம்மிடம் உள்ள எடுத்துக்காட்டு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அதில் தேர்வாகும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தறித் தொழிலாளி வீட்டில் இது பெரிய தொகை. வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, சான்றுகள் என்று ஏதோ ஒரு படியில் இது தவறிப்போகாமல் காக்க நம்மால் முடியும். எங்கள் பள்ளியில் பின்பற்றும் சில வழிகள் இவை:

1. கடைசி நாளை மட்டும் அறிவிக்காமல், கூலி கைக்கு வரும் நாளுக்கு அடுத்து ஒரு நாளைப் படிவ நாளாகக் குறிக்கிறோம். அன்று பெற்றோர் ஆதார், குடும்ப அட்டையுடன் வந்தால் போதும். படிவத்தை நாங்களே உடனிருந்து நிரப்புகிறோம்.

2. ஏற்கெனவே எமிஸ் தளத்தில் உள்ள விவரங்களைப் பெற்றோரிடம் மறுபடி கேட்பதில்லை. குறையும் ஒன்றிரண்டு ஆவணங்களை மட்டும் பெயர் குறிப்பிட்டுக் கேட்கிறோம்.

3. 'விரைவில் வரவும்' என்று எழுதுவதில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறை, என்ன கொண்டுவர வேண்டும் என்று நான்கே வரிகளில் எழுதுகிறோம். எந்த நாள் வர முடியும் என்று பெற்றோரையே கேட்டு, அதைக் குறித்துக்கொள்கிறோம். தானே சொன்ன நாளை மறப்பது கடினம்.

4. 'பாதிப் பேர் இன்னும் தரவில்லை' என்ற அறிவிப்பு, தராமல் இருப்பதே வழக்கம் என்ற எண்ணத்தை உண்டாக்கும். 'பெரும்பாலோர் கொடுத்துவிட்டார்கள்' என்பது உண்மையாக இருந்தால் அதையே சொல்கிறோம். உண்மை இல்லையென்றால் சொல்வதில்லை.

5. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை மாலையில், தறி மாறும் நேரத்தைக் கேட்டறிந்து வைக்கிறோம்.

இவற்றில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வேண்டியதெல்லாம் ஒரு பெற்றோர் வராதபோது, அவர் வழியில் என்ன தடை இருந்தது என்று முதலில் விசாரிக்கும் பழக்கம்தான். தடைகளைக் களைந்த பிறகும் வராதவர் சிலர் இருக்கலாம், அவர்களிடம் வேறு விதமாகப் பேச வேண்டும். ஆனால் அந்தச் சிலரை அடையாளம் காண்பதற்கே, மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டிருக்க வேண்டும். இந்த ஆண்டு உங்கள் பள்ளியில் வாங்க வேண்டிய படிவம் ஒன்றை எடுத்து, அதில் பெற்றோர் கடக்க வேண்டிய படிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் இரண்டையாவது நம்மால் குறைக்க முடியும்.